அறுபத்தைந்து வாட்

மே 4, சனி

பேசாமல் இருந்தது போதும். பதினேழு ஆண்டுகளாக ஒரு மனிதரைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. (மனைவியிடம் சொன்னதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.) இன்று முதல், தேதி போட்டு எழுதப் போகிறேன். மாத முடிவில் இதிலிருந்து ஒரு கட்டுரை தயாரித்து, ஃபேஸ்புக்கில் உள்ள வேலூர் கணினி நண்பர்கள் குழுவில் வெளியிடுவேன். கீழே என் பெயரும் பட்டமும் இருக்கும்: மு. திருஞானம், எம்.இ., வெப்பப் பொறியியல்.

அந்த மனிதர் எபினேசர். ராணிப்பேட்டைப் பம்பு கம்பெனியில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். குளிர்கோபுரத்துப் பம்புகளைப் பற்றி எட்டு மாதம் அலைந்து நான் எழுதிய அறிக்கை, என் பெயர் இல்லாமல் அவர் பெயரில் மேலிடத்துக்குப் போனது. அவர் மேலாளர் ஆனார். நான் இருந்த நாற்காலியிலேயே இருந்து, ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். அவரும் பிறகு வேலையை விட்டுவிட்டு, வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் கணினி கட்டித் தரும் கடை வைத்திருக்கிறார்.

சென்ற ஜூலையில் என் மனைவி வேதவல்லி அந்தக் கடையிலேயே ஒரு கணினி வாங்கினாள். என்னைக் கேட்கவில்லை. அவள் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும் என்றாள். கேள்வித்தாள் தயாரிக்க ஸ்டீயரிங்கும் பெடலும் எதற்கு என்று நான் கேட்டேன். "அது சும்மா கூட வந்துச்சுங்க" என்றாள்.

கேள்வித்தாள் ஒன்றும் வரவில்லை. என் மனைவி, நாற்பத்தொன்பது வயது, கார் பந்தயம் ஓட்டுகிறாள்.

இன்று மாலை பயிற்சிப் பந்தயத்தில் இருபத்தாறாவது நிமிடம் திரை கறுத்தது. கணினி அணைந்துவிட்டது. பெட்டியின் மேல் கை வைத்தேன், தோசைக்கல். அக்னி நட்சத்திரம் இன்றுதான் தொடங்குகிறது. வேதா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், கார் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல.

எபினேசர் விற்ற சரக்கு. ஆதாரம் ஒன்று.

மே 5, ஞாயிறு

விஷயம் நான் நினைத்ததைவிடத் தீவிரம். நாற்பது தாண்டிய தமிழ்ப் பெண்களுக்கென்று இணையத்தில் ஒரு பந்தய லீக் இருக்கிறதாம். இருபது பேர். டொராண்டோவில் ஒருவர், தூத்துக்குடியில் இருவர், இப்படி. நடத்துபவர் மலேசியாவின் ஈப்போவில் பல் மருத்துவர், தவமலர் என்று பெயர்; அந்த ஊர் வழக்கப்படி பேச்சோடு 'லா' சேர்ப்பவர். இன்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வேதா அவரோடு பேசியதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, ரெண்டு ரேஸ் பாதியில நின்னு போச்சு. ரூல் தெரியும்தானே லா?"

"தெரியும்மா. மூணாவது நின்னா சீட்டு போயிடும்."

"எனக்கும் மனசு இல்ல அக்கா. ஆனா வெயிட்டிங்ல ஒம்பது பேரு இருக்காங்க. இருபத்தாறாம் தேதி ஒரு மணி நேர ரேஸ். அதை மட்டும் முடிச்சிருங்க. கடைசியா வந்தாலும் பரவால்ல, முடிச்சாப் போதும்."

மூன்று முறை பாதியில் நின்றால் லீகிலிருந்து நீக்கம். ஏப்ரலில் இரண்டு முறை நின்றிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "சொன்னா எபினேசரைத் திட்டுவீங்க, அதுக்குத்தான்" என்றாள்.

அநியாயமான குற்றச்சாட்டு. பிற்பகல் முழுவதும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மே 7, செவ்வாய்

அளந்தேன். ப்ராசஸர் வந்த அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பந்தயம் ஓடும்போது அது உண்மையில் இழுப்பது 118 வாட். ப்ராசஸர் என்ற கணினியின் மூளை ஒரு தீப்பெட்டி அளவுதான். அதற்குள் 118 வாட் போனால் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரவேண்டும், வேறு வழி இல்லை. பழைய நூறு வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்குப் புரியும். அந்த வெப்பத்தை உறிஞ்சி எடுக்கத்தான் மூளையின் மேல் கூலர் என்ற உலோகக் கட்டியும் பேனும் உட்கார்ந்திருக்கின்றன. நூறு டிகிரியைத் தொட்டால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் பதிவு செய்ய வேண்டும். சென்ற அக்டோபரில் நான் கணினியைச் சுத்தம் செய்தபோது, அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். எபினேசர் மின்சாரத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டு வைத்திருந்தார். முழுத் திறன் உள்ள பொருளைக் காட்டி, கட்டிப்போட்ட பொருளைக் கொடுத்திருக்கிறார். அந்தத் தடையை அன்றே எடுத்துவிட்டேன். ஆதாரம் இரண்டு.

மே 8, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு மூன்றாவது கடிதம்.

மே 10, வெள்ளி

ஐஸ் சோதனை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே மேஜை விசிறி, விசிறிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டில் ஐஸ் கட்டிகள். பன்னிரண்டு நிமிடத்தில் ஐஸ் கரைந்து, நூறு டிகிரி வழக்கம்போல் வந்து சேர்ந்தது. இருபத்தேழாம் நிமிடம் அணைந்தது. ஒரு நிமிடம் லாபம்.

"ஏங்க, ஐஸ் எல்லாம் காலி. சாயந்தரம் நன்னாரி சர்பத்துக்கு இன்னா பண்றது?"

"அறிவியலுக்குத் தியாகம் வேண்டும் வேதா."

"அறிவியலுக்கு ஏசி வாங்கலாமே. ஊர்ல எல்லாரும் வாங்கிட்டாங்க."

ஏசி பற்றிய என் நிலைப்பாடு இருபது ஆண்டுகளாக மாறவில்லை. நம் வீட்டு வெப்பத்தை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு அது. கீழ்வீட்டுக்காரர் தினமும் அதைத்தான் நமக்குச் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மே 13, திங்கள்

வெட்டிவேர்த் தட்டி வாங்கி வந்து ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளித்தேன். அறை மணக்கிறது. வெயில் 42. கணினி இருபத்தெட்டு நிமிடம். ஆனால் ஈரம் படிந்து ஸ்டீயரிங் வழுக்குவதாக வேதா சொல்கிறாள். "ரேஸ் கார் வேணும்னா கோயில் கர்ப்பகிரகம் கட்டிட்டீங்க" என்றாள். தட்டியைக் கழற்றிவிட்டேன்.

கூலரையே கழற்றிப் பார்க்கலாமே என்று அவள் கேட்டாள். தேவையில்லை. கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்த ஒரு சாம்பல் நிறப் பசை தடவியிருக்கும். அது சரியாகத்தான் இருக்கிறது. அக்டோபரில் நானே பார்த்தேன்.

மே 16, வியாழன்

இன்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சோதனைக்காக மட்டும். ப்ராசஸரின் சூடு திரையின் மூலையில் சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஓட்டுகிறவள் அதைப் பார்க்க முடியாது. நான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"எண்பத்து நாலு."

"ம்."

"எண்பத்தாறு. முன்னால் மஞ்சள் கார்."

"காரு எனக்குத் தெரியும். நீங்க சூட்டை மட்டும் சொல்லுங்க."

"எண்பத்து... ஐயோ, இடது! இடது!"

"கத்தாதீங்க! அவ இடமே குடுக்க மாட்டா. தூத்துக்குடிக்காரி. இருங்க, அடுத்த வளைவுல பாருங்க."

அடுத்த வளைவில் பார்த்தேன். என் மனைவி பிரேக்கை மற்றவர்களைவிட ஒரு கணம் தாமதமாக அழுத்துகிறாள். எல்லாரும் பயந்து வேகத்தைக் குறைக்கும் இடத்தில் குறைக்காமல் உள்ளே நுழைகிறாள். கார் வழுக்குகிறது, அவள் விடுகிறாள், பிடிக்கிறாள். மஞ்சள் கார் பின்னால் போய்விட்டது. நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க, கால் கட்டை விரல் மட்டும் பெடலில் துடிக்க, முகத்தில் இப்படி ஒரு களை நான் பார்த்து... எத்தனை ஆண்டு என்று தெரியவில்லை. நான் சரியாகக் கவனித்திருக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இருபத்தேழாம் நிமிடம் அணைந்தது.

"ஆறாவது இடத்துல இருந்தேங்க" என்றாள். பிறகு எழுந்து வடை மாவு அரைக்கப் போய்விட்டாள். நான் அணைந்த திரைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். வெயில்.

மே 17, வெள்ளி

எண்பத்தாறில் அவள் காதோரம் ஒரு முடி வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. சோதனைக் குறிப்புக்கு இது அவசியமில்லை.

மே 19, ஞாயிறு

ஒரு சந்தேகம். எழுதுவதற்கில்லை.

மே 20, திங்கள்

முடிவெட்டிக்கொண்டேன். வழக்கம்போல் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. சொன்னால், "உங்க தலையே அப்படி சார்" என்கிறான்.

மழை பெய்யுமா என்று வானொலியில் கேட்டேன். கடலோரத்தில் பெய்யுமாம். எப்போதும் கடலோரத்துக்குத்தான்.

மே 22, புதன்

பிற்பகல் பத்து நிமிடம் மழை! புழுதி வாசனை. இரண்டு பேரும் மாடிக்கு ஓடிப்போய் நனைந்தோம். எனக்கு இது வழக்கமில்லை. வேதா கன்னத்தில் தண்ணீர் ஓட, "சீக்கிரம் வாங்க, மறுபடி சூடு ஏறறதுக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடலாம்" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஈரப் புடவையோடு ஓட்டினாள். முப்பத்து மூன்று நிமிடம் ஓடியது. புதிய உச்சம். ஏதோ தீபாவளி போல இருந்தது வீடு.

ஆனால் வேண்டியது அறுபது.

மே 24, வெள்ளி

இன்று வெயில் 43. இருபத்து நான்காம் நிமிடத்திலேயே அணைந்தது. நிலைமை முன்னைவிட மோசம்.

வேதா ஹெட்போனைச் சுருட்டி மேஜை மேல் வைத்தாள்.

"நானே விலகிடறேங்க. ஞாயித்துக்கிழமை நடு ரோட்ல நின்னு, அப்புறம் அந்தப் பொண்ணு எனக்கு ரூல் படிச்சுக் காட்டி... வேணாம். இன்னைக்கே தவமலருக்கு மெசேஜ் போட்டுடறேன்."

"ஒரு நாள் பொறு."

"எதுக்கு? ஐஸ், தட்டி, விசிறி எல்லாம் பாத்தாச்சே. நீங்க பாடுபட்டீங்க, நான் இல்லன்னு சொல்லல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் சமையலறையிலிருந்து வந்தது, மிக ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாக.

பத்தொன்பதாம் தேதி எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இது கட்டுரையில் வராது.

சென்ற அக்டோபரில் கணினியைச் சுத்தம் செய்தேன் என்று சொன்னேன். எந்த நாள் என்று சொல்லவில்லை. ஆயுத பூஜை. நான் பக்திமான் இல்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு: மிக்ஸி, ஸ்கூட்டர், தையல் மெஷின், கதவுத் தாழ்ப்பாள் வரை. அதை ஆண்டுப் பராமரிப்பு என்று நான் சொல்வேன். அந்த வரிசையில் கணினியையும் திறந்தேன். எபினேசர் பசையைச் சரியாகத் தடவியிருக்கிறாரா என்று பார்க்கக் கூலரையும் கழற்றினேன். சரியாகத்தான் தடவியிருந்தார், எரிச்சலாக இருந்தது. பழைய பசையை நடுவில் சுரண்டியாயிற்று. புதிய பசை கையில் இல்லை. வாங்க வேண்டுமென்றால் அவர் கடைக்குப் போக வேண்டும்.

மோதிர விரலில் சந்தனம் இருந்தது. எல்லாவற்றுக்கும் வைத்தேன். அதற்கும் வைத்தேன். அடுத்த ஞாயிறு அவளுடைய முதல் பந்தயம் என்று அப்போது எனக்குத் தெரியும்; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கூலரை மூடுவதற்கு முன் துடைத்திருக்க வேண்டும். துணியைக் கையில் எடுத்தேன். வைத்த பொட்டைப் பூஜை நாள் அன்றே அழிக்க மனம் வரவில்லை. ஓரத்தில் பழைய பசை மிச்சம் இருக்கிறது, ஒரு சிறு பொட்டு என்ன செய்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மார்கழி, தை, மாசி, எல்லாம் நன்றாகத்தான் ஓடியது.

வெப்பப் பொறியியல். எம்.இ.

மே 25, சனி

இணையத்தில் பசை வாங்கினால் செவ்வாய்க்கிழமைதான் வருமாம். ஊரில் இரண்டு கடைகள் அடைத்திருந்தன, மூன்றாவது கடைக்காரர் ஃபெவிக்காலைக் காட்டினார்.

காலை பத்து மணியிலிருந்து எபினேசர் எண்ணை எடுத்து எடுத்து வைத்தேன். ஏழாவது முறை அது தானாகவே அடித்துவிட்டது. (நான்தான் அழுத்தினேன்.)

"சார்! திருஞானம் சாரா? நம்பர் மாத்தவே இல்லையா சார் நீங்க? நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா ஓட்றாங்களா?"

இந்த மனிதருக்கு என் மனைவி பந்தயம் ஓட்டுவது எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"எபினேசர், ப்ராசஸருக்குத் தடவுகிற பசை ஒரு டியூப் வேண்டும். ஆள் அனுப்புகிறேன்."

"நான் சென்னையில ஒரு கல்யாணத்துல இருக்கேன் சார், கடை பூட்டியிருக்கு. ராவே திரும்பிடுவேன். நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் நானே கொண்டாறேன். பன்னெண்டரைக்கு. போதுமா?"

"மூன்று மணிக்குப் பந்தயம்."

"அப்ப போதும் சார். சார் கூப்பிட்டு வராம இருப்பனா?"

வேதா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தவமலருக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த செய்தியை அழிக்கும்போது செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மே 26, ஞாயிறு

மாலை ஆறரை. எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு எபினேசர் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பசை டியூப், கையில் ஒரு பை பங்கனப்பள்ளி மாம்பழம். தலை முழுவதும் நரைத்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது, ஒளிப்பானேன். பதினேழு ஆண்டுகளாக நான் தயார் செய்து வைத்திருந்த முதல் வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். "சார், ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்று அவர் முந்திக்கொண்டார்.

கணினியைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். நான்கு திருகாணிகள். கூலரைப் பிடித்து லேசாகத் திருகினார். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம்.

ப்ராசஸரின் பளபளப்பான நெற்றியில், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு, காய்ந்து வெடித்துச் சுண்ணாம்பு போலாகிவிட்ட சந்தனம். நடுவில் குங்குமம், இன்னும் சிவப்பாக.

வேதா குனிந்து பார்த்தாள்.

எபினேசர் துணியை எடுத்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"சார், சாமிக்கு வச்சது. நான் துடைக்கக் கூடாது. நீங்களே துடைச்சிடுங்க."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"யாருங்க வச்சது?" என்றாள் வேதா.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் வச்சோமே."

"வச்சோமா?"

"வச்சேன்."

"இதுக்கு உள்ள எதுக்கு வச்சீங்க?"

"அடுத்த வாரம் உனக்குப் பந்தயம் இருந்தது."

இதைச் சொல்வதாக எனக்கு உத்தேசமே இல்லை. வேதா என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்தாள், தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து எபினேசருக்கு வந்துவிட்டது. "சார்... நான் பன்னெண்டு வருஷமா மெஷின் பிரிக்கறேன் சார்... கரப்பான் பாத்திருக்கேன், பல்லி பாத்திருக்கேன்..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் ஏசி அறையிலிருந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

பொட்டை நான்தான் துடைத்தேன். எபினேசர் புதிய பசை வைத்துக் கூலரை மாட்டினார். கணினியை எழுப்பி அமைப்புகளுக்குள் போனவர், புருவத்தைச் சுருக்கினார்.

"சார், நான் அறுபத்தஞ்சு வாட்ல வச்சுக் குடுத்திருந்தேனே? யாரோ எடுத்துட்டிருக்காங்க."

நான் மாம்பழத்தைப் பார்த்தேன்.

"அம்மாகிட்டயும் அன்னிக்கே சொன்னனே. அறுபத்தஞ்சுல வச்சா வேகம் அஞ்சு சதவீதம்கூடக் குறையாது, சூடு பாதியாயிடும். அந்த அஞ்சு சதவீதத்துக்காகத்தான் இது இன்னொரு அம்பது வாட் குடிக்குது. நான் ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும் சொல்ற டயலாக் சார் இது. 'கடைசிப் பத்து சதவீதத்துக்குப் பேராசைப்பட்டாதான் மெஷின் வேகும்னு எங்க சார் சொல்லுவாரு'ன்னு."

"எந்த சார்?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான். பம்புக்குச் சொன்னீங்களே, பத்து சதவீதம் குறைச்சா கால்வாசிக் கரண்டு மிச்சம்னு. லஞ்ச் டைம்ல எலுமிச்சை சாதம் டப்பா மூடியில எழுதிக் காட்டுவீங்க. கடையில பையனுங்க எல்லாம் 'எங்க சார், எங்க சார்'னுதான் சொல்றானுங்க, அவனுங்க உங்களப் பாத்ததே இல்ல."

நான் கேட்டே விட்டேன். "அந்தப் பம்பு அறிக்கையில் என் பெயர் ஏன் இல்லை, எபினேசர்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த ரிப்போர்ட் சார்?"

எலுமிச்சை சாதம் நினைவிருக்கிறது. டப்பா மூடி நினைவிருக்கிறது. அறிக்கை நினைவில்லை. பதினேழு ஆண்டுகள் நான் ஒருவனாகவே அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கோபப்பட முயன்றேன். மணி இரண்டு ஐம்பது ஆகிவிட்டது.

மூன்று மணிக்குப் பச்சை விளக்கு. இருபது கார்கள், வேதா பதினான்காவது. நான் இடது நாற்காலி, எபினேசர் வலது நாற்காலி. அவர் போகவில்லை, போகச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை.

"அறுபத்தெட்டு," என்றேன்.

"ம்."

"எழுபது. எழுபத்தொன்று. எழுபத்தொன்றிலேயே நிற்கிறது."

"சரிங்க, மாறினாச் சொல்லுங்க."

இருபத்து நான்காம் நிமிடம். இருபத்தைந்து. எபினேசர் உதடு அசைந்தது, ஜெபம் போலிருக்கிறது. இருபத்தாறு. இருபத்தேழு. எண் எழுபத்து மூன்று. திரை திரையாகவே இருந்தது. முப்பத்து நான்காம் நிமிடம் நான் எழுந்து நின்றுவிட்டேன். இதற்கு மேல் இந்தக் கோடையில் இந்த வீட்டில் யாரும் போனதில்லை.

நாற்பத்தோராம் நிமிடம் டொராண்டோக்காரர் பின்னால் வந்து இடித்தார். வேதாவின் கார் சுழன்று புல்லில் போய், எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. எல்லாரும் கடந்து போனார்கள். கடைசி இடம்.

"போச்சு!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னா போச்சு? மெஷின் ஓடுதில்ல?" என்றாள் வேதா.

"ஓடுகிறது. எழுபத்திரண்டு."

"அப்ப உக்காருங்க."

திருப்பினாள். அதன் பிறகு நடந்ததை எனக்குச் சரியாக விவரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தியைப் பிடித்தாள். எபினேசர் "மேல மேல மேல!" என்று நாற்காலிக் கையைத் தட்டினார். தூத்துக்குடிக்காரியைத் தாண்டியபோது நாங்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு கத்தியிருக்கிறோம். யார் கை யார் கையைப் பிடித்தது என்று விசாரிக்கத் தேவையில்லை.

அறுபது நிமிடம். கட்டம் போட்ட கொடி. பதினோராவது இடம்.

"அக்கா! முடிச்சிட்டீங்க லா! ஐயோ அக்கா, மெஷின் நிக்கவே இல்ல! என்னா பண்ணீங்க?" என்று ஈப்போவிலிருந்து தவமலர் கத்துவது ஹெட்போனுக்கு வெளியேயும் கேட்டது.

வேதா ஹெட்போனை இறக்கி, வியர்வையைத் துடைத்து, இரண்டு கையையும் மேலே தூக்கினாள், பள்ளி விளையாட்டு விழாவில் சின்னப் பிள்ளைகள் தூக்குவதுபோல. "எங்க வீட்டுக்காரர் பொட்டை அழிச்சாரு, தவமலரு!" என்றாள். அந்தப் பக்கம் என்ன புரிந்துகொண்டாரோ, "வாழ்த்துகள் அக்கா" என்று பதில் வந்தது.

எபினேசர் இரண்டு மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஜூன்ல அடுத்த சீசன் சார், அம்மாவுக்குப் பெரிய கூலர் போட்டுடலாமா?" என்றார். "வேண்டாம், அறுபத்தைந்துக்கு இதுவே தாராளம்" என்றேன். "அதான் சார், எங்க சார்" என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார்.

மே 27, திங்கள்

காலையில் இந்த நோட்டை வேதாவிடம் கொடுத்தேன். மாவுக் கையோடு வாங்கிப் படித்தாள். சில இடங்களில் சத்தமாகச் சிரித்தாள். பதினேழாம் தேதிக் குறிப்பை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பக்கம் திரும்ப நேரமாயிற்று.

"எபினேசரைத் திட்டி எழுதறேன்னு சொன்னீங்களே?"

"திட்டித்தான் எழுதினேன். நடுவில் எப்படியோ வழி மாறிவிட்டது."

"என் வயசை மட்டும் எடுத்துடுங்க."

"அது உண்மை விவரம் வேதா."

"சரி, இருக்கட்டும். பதினோராவது இடம்னு பெரிசாப் போடுங்க."

கட்டுரையாக மாற்றப் போவதில்லை. தேதிகளோடு அப்படியே குழுவில் போடுகிறேன். வேலூரில் இந்த வெயிலில் எத்தனையோ கணினிகள் இருபத்தாறாம் நிமிடத்தில் அணைந்துகொண்டிருக்கும், யாருக்காவது உதவும். கூலரைத் திறந்து பாருங்கள். வரம்பை அறுபத்தைந்தில் வையுங்கள்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்து, கடைசியில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் மு. திருஞானம் என்று அடித்தேன். எம்.இ. என்று அடித்தேன். படித்துப் பார்த்தேன். ஆபீசர்ஸ் லைன் கடையில், என்னைப் பார்த்தே இராத பையன்கள் இந்நேரம் யாரிடமோ "எங்க சார் சொல்லுவாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், என் பெயர் தெரியாமலேயே.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். முதல் நாள் குறிப்பில் உள்ளதையும் அழித்தேன். எபினேசர் என்னைக் கூப்பிட்ட இடத்திலும். பிறகு யோசித்து அந்த இரண்டையும் திரும்பப் போட்டுவிட்டேன். கதையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கீழே கையெழுத்து மட்டும் இல்லை. பெயர் காட்டாமல் பதிவிட அந்தக் குழுவில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தப் போகிறேன்.